கை போனால் வேலையும் போக வேண்டுமா?



இந்தப் பகுதியில் வழக்கமாகக் காய்ச்சல், இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு என்று நோய்களைப் பற்றியே எழுதி வருகிறேன். இம்முறை நோய் தீர்ந்த பிறகு வரும் துன்பத்தைப் பற்றி எழுதப் போகிறேன். காயம் ஆறிவிடும், தையல் பிரித்துவிடுவார்கள், டாக்டரும் "போய் வரலாம்" என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகுதான் பெரிய கேள்வி வருகிறது. ஒரு கை இல்லாதவன், ஒரு கண் போனவன், இனிப்பு நீரால் கால் எடுக்கப்பட்டவன் இனி எங்கே போவான்? என்ன வேலை செய்வான்?

தோட்டத்தில் இது வேலைப் பிரச்சினை மட்டுமல்ல, வீட்டுப் பிரச்சினையும் கூட. நாம் குடியிருக்கும் வீடு தோட்டத்து வீடு. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. வேலை போனால் கூரையும் போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறும், கோயில் திருவிழாவுக்குக்கூட விருந்தாளி மாதிரி வந்து போக வேண்டும். ஒரு மனிதன் கையை இழந்ததற்காக ஒரு குடும்பமே வேரோடு பிடுங்கப்படுவதை நான் பல தடவை பார்த்துவிட்டேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"பாவம், இனிமே அவனால முடியாது" என்று நாமே சொல்லிவிடுகிறோம். நிர்வாகமும் அதையே சொல்கிறது. ஆனால் உண்மையாகவே முடியாதா? அப்படிப்பட்டவரை வேலையில் வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு அரசாங்கம் வரிச் சலுகை தருகிறது. சொக்சோ உதவி தருகிறது. சமூக நல இலாகாவும் தொழிலாளர் இலாகாவும் வழி சொல்கின்றன. இவற்றில் பாதி தோட்டத்து மேனேஜருக்கே தெரியாது. தெரியாத காரணத்தால் ஒரு நல்ல தொழிலாளி வீட்டுக்கு அனுப்பப்படக் கூடாது அல்லவா? அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் தெரிந்துகொண்டு அவர்களுக்கும் தெரியப்படுத்துங்கள்.

முதலாளி ஏன் தயங்குகிறார்?

நியாயமாகப் பேசுவோம். மேனேஜர் எல்லாரும் கல்நெஞ்சுக்காரர்கள் அல்ல. அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பால்வெட்டும் குலைவெட்டும் எடைக் கணக்கில் சம்பளம் தரும் வேலைகள். ஒருவர் மெதுவாக வேலை செய்தால் எடை குறையும். எடை குறைந்தாலும் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து அது மாதம் 1,700 வெள்ளி என்று உயர்ந்தது. ஊனமுற்றவர் என்பதைக் காட்டி அதற்குக் கீழே கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே, "எடைக்கு மேல் நான் கையிலிருந்து போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறதே, கம்பெனி ஒப்புக்கொள்ளுமா?" என்று அவர் நினைக்கிறார்.

இன்னொரு பயமும் உண்டு. "மறுபடியும் அடிபட்டால் யார் பொறுப்பு?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னால்தான் நம் ஆளுக்கு வேலை நிற்கும். "ஐயா, பாவம் பாருங்க" என்று மட்டும் கேட்டால் ஒரு மாதம் ஓடும். கணக்கைக் காட்டிக் கேட்டால் வருஷம் முழுக்க ஓடும்.

இரட்டை வரிக் கழிவு

முதல் கேள்விக்குப் பதில் வருமான வரியில் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் ஒரு வரி விதி வந்துவிட்டது. உடல் அல்லது மனக்குறை உள்ள ஒருவரை வேலையில் வைத்திருக்கும் முதலாளி, அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தைத் தம் வரிக் கணக்கில் இரண்டு மடங்காகக் கழித்துக்கொள்ளலாம். 2019-ஆம் வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இந்தச் சலுகை விரிவாக்கப்பட்டது. விபத்தாலோ கடும் நோயாலோ பாதிக்கப்பட்டவரை, அவரால் இயன்ற வேலையைச் செய்யலாம் என்று சொக்சோ மருத்துவ வாரியம் சான்று தந்தால், அவருடைய சம்பளத்துக்கும் இதே இரட்டைக் கழிவு உண்டு. தோட்டத்துக்கு இது மிக முக்கியமான மாற்றம். ஏனென்றால் நம் ஆட்களில் பெரும்பாலோர் பிறவியிலேயே ஊனமுற்றவர்கள் அல்ல. வேலையிலோ நோயிலோ பிறகு பாதிக்கப்பட்டவர்கள்தாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,700 வெள்ளி என்றால் வருஷத்துக்கு 20,400 வெள்ளி. சாதாரணமாக இந்தத் தொகையைத்தான் கம்பெனி செலவுக் கணக்கில் கழிக்கும். இரட்டைக் கழிவில் 40,800 வெள்ளி கழிக்கலாம். அதிகமாகக் கழிப்பது 20,400 வெள்ளி. பெரிய கம்பெனிகளுக்கு வரி நூற்றுக்கு 24 வீதம். அப்படியானால் 20,400-க்கு 4,896 வெள்ளி வரி மிச்சம். கம்பெனி லாபத்தில் இருந்து வரி கட்டுமானால், ஓர் ஆளை வைத்திருப்பதால் வருஷத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம் திரும்பி வருகிற மாதிரி. மேனேஜர் "கையிலிருந்து போடுகிறேன்" என்று சொன்ன பணத்தில் ஒரு நல்ல பகுதி இதிலேயே வந்துவிடும்.

இன்னும் ஒன்று. ஊனமுற்ற ஊழியருக்காக ஒரு சாய்வுப் பாதை போட்டாலோ, கழிவறையை மாற்றி அமைத்தாலோ, தனிக் கருவி வாங்கினாலோ, 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி அந்தச் செலவையும் கழித்துக்கொள்ளலாம். கட்டடத்தை மாற்றும் செலவைப் பொதுவாக இப்படிக் கழிக்க முடியாது. ஊனமுற்ற ஊழியருக்குத் தேவை என்பதற்காகவே இந்த விதி இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த வரிக் கணக்கைப் போடுபவர் தோட்டத்து மேனேஜர் அல்ல, தலைமை அலுவலகத்துக் கணக்கர். அவருக்குச் சான்று வேண்டும். சமூக நல இலாகாவின் அட்டையோ, சொக்சோ மருத்துவ வாரியத்தின் கடிதமோ இல்லாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே, சான்று எடுப்பது நம் பொறுப்பு. அதன் நகலைக் கிராணியிடம் கொடுத்து, "ஐயா, இதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி வைங்க, வரிக் கழிவுக்கு ஆகும்" என்று சொல்லுங்கள்.

சொக்சோ பணம் கொடுப்பதோடு நிற்கவில்லை

சொக்சோ என்றால் பணம் கொடுக்கும் இடம் என்றே பலர் நினைக்கிறார்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அந்த நிறுவனம், இப்போது பெர்கேசோ என்று அழைக்கப்படுகிறது. அது 2007-ஆம் ஆண்டில் 'மீண்டும் வேலைக்கு' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இதில் உங்களுக்கென்று ஓர் அதிகாரி நியமிக்கப்படுவார். அவர் டாக்டரிடமும் பேசுவார், உங்களிடமும் பேசுவார், மேனேஜரிடமும் பேசுவார். உங்கள் உடம்பால் என்ன முடியும், தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது என்று இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்.

அவர்கள் போகும் வரிசை இது. முதலில், அதே முதலாளியிடம் அதே வேலை. அது முடியாவிட்டால், அதே முதலாளியிடம் அதே வேலையைக் கொஞ்சம் மாற்றி. அதுவும் முடியாவிட்டால், அதே முதலாளியிடம் வேறு வேலை. இவை மூன்றும் கைகூடாவிட்டால்தான் வேறு முதலாளி. ஆகவே, "கால் போச்சா, கணக்கை முடிச்சுக்கிட்டுப் போ" என்பது முதல் படி அல்ல. அதற்கு முன்னால் மூன்று படிகள் இருக்கின்றன. இதை மறக்காதீர்கள்.

செயற்கைக் கால், செயற்கைக் கை, சக்கர நாற்காலி, உடற்பயிற்சிச் சிகிச்சை ஆகியவற்றுக்கும் சொக்சோ உதவுகிறது. மலாக்காவில் துன் ரசாக் பெயரில் ஒரு பெரிய மறுவாழ்வு மையம் 2014-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே நடக்கப் பழக்குவதோடு வேலைக்கும் பழக்குகிறார்கள். "அவ்வளவு தூரம் யார் போறது?" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சில வாரங்கள் வீட்டை விட்டு இருப்பது கஷ்டம்தான். ஆனால் பயிற்சி இல்லாமல் போட்ட செயற்கைக் கால் கடைசியில் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

வேலைக்குப் போனால் சொக்சோ பணம் நின்றுவிடுமா?

இந்தப் பயம் நம் மக்களிடம் மிக அதிகம். "நான் வேலை செய்யறேன்னு தெரிஞ்சா பென்சனை நிறுத்திடுவாங்க டிரசர் ஐயா" என்று சொல்லி, நல்ல உடம்போடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்.

வேலை விபத்தில் அடிபட்டு, டாக்டர் நான்கு நாளோ அதற்கு மேலோ லீவு கொடுத்தால், அது தற்காலிக ஊனம். அந்த நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் நூற்றுக்கு 80 வீதம் சொக்சோ தரும். இந்தக் காலத்தில் உங்களை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்கு உரிமை கிடையாது. சொக்சோ சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

காயம் ஆறியும் குறை நிலைத்துவிட்டால், அது நிரந்தர ஊனம். எவ்வளவு குறை என்று மருத்துவ வாரியம் வீதம் போடும். 20 வீதத்துக்கு மேல் என்றால் ஒரு பகுதியை மொத்தமாகவும் மீதியை ஆயுள் முழுவதும் மாதா மாதமும் பெறலாம். இந்தப் பணம், இழந்த உறுப்புக்காகத் தரப்படுவது. நீங்கள் மீண்டும் வேலைக்குப் போனாலும் இது நிற்காது. சம்பளமும் வரும், சொக்சோ பணமும் வரும். பயப்படாமல் வேலைக்குப் போங்கள்.

வேலைக்குச் சம்பந்தமில்லாத நோயால் உழைக்கும் சக்தியே போய்விட்டால் கிடைப்பது முடமைப் பென்சன். இது வேறு கணக்கு. உழைக்க முடியாது என்பதற்காகவே இது தரப்படுகிறது. ஆகவே, இந்தப் பென்சன் வாங்குபவர் வேலையில் சேரும் முன் சொக்சோ அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு சேர வேண்டும். ஒளித்துச் செய்தால் பிறகு தொல்லை.

நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 2019 ஜனவரியிலிருந்து அவர்களுக்கும் வேலை விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. விரல் போன ஒருவர் மொழி தெரியாமல் நின்றால் நீங்கள்தான் அவருக்கு வாய்.

ஓ.கே.யு. அட்டை எடுப்பதில் என்ன வெட்கம்?

2008-ஆம் ஆண்டு இந்நாட்டில் உடற்குறையுள்ளோர் சட்டம் நிறைவேற்றப்பட்டது. மற்றவர்களுக்குச் சமமாக வேலை பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று அதன் 29-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மீறுகிற முதலாளிக்குத் தண்டனை எதுவும் அந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை. இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆகவேதான் சலுகைகளையும் சங்கத்தின் பேச்சுவார்த்தையையும் நாம் நன்றாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

அந்தச் சட்டப்படி பதிவு செய்தால் சமூக நல இலாகா ஓர் அட்டை தரும். ஓ.கே.யு. அட்டை என்பார்கள். காது, கண், பேச்சு, உடல், கற்றல் குறை, மனநலம், ஒன்றுக்கு மேற்பட்ட குறை என ஏழு பிரிவுகளில் பதியலாம். பதிவு பாரத்தை டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும். அடையாளக் கார்டு நகலும் படமும் சேர்த்து மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணச் சலுகை, ரயில் கட்டணச் சலுகை போன்றவையும் இந்த அட்டையால் கிடைக்கும்.

வேலை செய்யும் ஓ.கே.யு. அட்டைக்காரருக்கு, வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால், மாதப் படியும் உண்டு. 2021-இல் அது 450 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. வரம்பும் தொகையும் அவ்வப்போது மாற்றப்படுவதால் விண்ணப்பிக்கும்போது நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இது முதலாளி கொடுக்கும் பணம் அல்ல, அரசாங்கம் நேராக ஊழியருக்குக் கொடுப்பது. இதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க முதலாளிக்கு உரிமையில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "பிள்ளைக்கு அட்டை எடுத்தா நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது, ஊர் பேசும்" என்று சொல்லி, கற்றல் குறையுள்ள மகனையும் மகளையும் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள். ஊர் இரண்டு நாள் பேசும். அம்மா கண்ணை மூடிய பிறகு அந்தப் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? அதை யோசித்துப் பாருங்கள். நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்புவது, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகளைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் இப்படிப்பட்ட பிள்ளைகள் மிக ஒழுங்காகச் செய்வார்கள்.

சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் அல்லவா? அதற்காகவே வேலைத் துணைப் பயிற்றுநர் என்று ஒருவர் இருக்கிறார். ஜப்பானிய உதவியுடன் சமூக நல இலாகா இந்த முறையை நம் நாட்டில் வளர்த்தது. அந்தப் பயிற்றுநர் வேலையிடத்துக்கே வந்து, புதிய ஊழியருக்கு வேலையைப் படிப்படியாகக் காட்டுவார். மண்டோருக்கும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார். ஊழியர் பழகப் பழக அவர் விலகிக்கொள்வார். தொழில் கற்க விரும்பும் உடற்குறையுள்ள இளைஞர்களுக்குச் சிலாங்கூர், பாங்கியில் சமூக நல இலாகாவின் தொழிற்பயிற்சி மறுவாழ்வு மையம் 1999 முதல் இருக்கிறது. படித்த பிள்ளைகள் அரசாங்க வேலைக்கும் முயலலாம். பொதுச் சேவையில் நூற்றுக்கு ஒரு வேலை உடற்குறையுள்ளோருக்கு என்பது அரசாங்கத்தின் கொள்கை. 2008-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அதை வலியுறுத்துகிறது.

தனியார் முதலாளிகளுக்கு மனிதவள அமைச்சு 2001-ஆம் ஆண்டில் ஒரு நடைமுறைக் கோட்பாட்டை வெளியிட்டது. உடற்குறையுள்ளோரை எப்படி வேலைக்கு எடுப்பது, வேலையிடத்தை எப்படி அமைப்பது என்று அது வழிகாட்டுகிறது. வேலை தேடும் உடற்குறையுள்ளோரைத் தொழிலாளர் இலாகா பதிவு செய்து முதலாளிகளுக்கு அறிமுகப்படுத்துகிறது. சில காலங்களில் சம்பள உதவித் திட்டமும் வரும். கோவிட் காலத்தில், 2020-ஆம் ஆண்டில், வேலையில்லாத ஊனமுற்றவரை வேலைக்கு எடுத்த முதலாளிக்கு மாதம் 1,000 வெள்ளி வீதம் ஆறு மாதம் வரை கிடைத்தது. அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. இப்படிப்பட்டவை வரும், போகும். புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று சொக்சோ அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்த உடம்புக்கு எந்த வேலை?

"மறுபடியும் அடிபட்டால்?" என்பது மேனேஜரின் இரண்டாவது கேள்வி. இதற்குச் சட்டம் பதில் சொல்லாது, வைத்தியம்தான் பதில் சொல்லும். என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

கால் எடுக்கப்பட்டவர்: மேடு பள்ளமான காட்டில் செயற்கைக் காலோடு உதிரிப் பழம் பொறுக்க வைக்காதீர்கள். பால் ஸ்டோர் எடை, நிறுவைப் பாலம், சாமான் ஸ்டோர், கேட் காவல், உளியும் அரிவாளும் தீட்டுவது, நாற்றங்காலில் உட்கார்ந்து செய்யும் வேலை இவையெல்லாம் முடியும். உட்கார நல்ல நாற்காலி வேண்டும், கழிவறை பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் செலவு.

ஒரு கண் போனவர்: தூரத்தைக் கணிப்பது ஆரம்பத்தில் சிரமம். பழகச் சில மாதங்கள் ஆகும். நீளமான அரிவாள் கம்பு பிடித்து உயர்ந்த மரத்தில் குலைவெட்ட உடனே அனுப்பக்கூடாது. எந்த வேலையானாலும் மிச்சமிருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இருக்கிற ஒரு கண்ணும் போனால் உலகமே இருட்டு.

கை அல்லது விரல்கள் போனவர்: மேற்பார்வை, பெயர் பதிவு, கணக்கெடுப்பு, கன்று பராமரிப்பு எல்லாம் முடியும். சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் செயற்கைக் கையோடு நிற்கக் கூடாது.

காது கேளாதவர்: ஏறக்குறைய எல்லா வேலையும் முடியும். ஆனால் டிராக்டர், லாரி பின்னால் வரும் சத்தம் கேட்காது. பளிச்சென்ற சட்டையும் கைச் சைகையும் ஏற்பாடு செய்ய வேண்டும். கூட வேலை செய்பவர்கள் நான்கு சைகை கற்றுக்கொண்டால் போதும்.

வலிப்பு உள்ளவர்: மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் பலருக்கு வலிப்பு அடங்கியிருக்கும். ஏணி, ஆழமான தண்ணீர், ஓடும் இயந்திரம், வண்டி ஓட்டுவது வேண்டாம். மற்ற வேலை செய்யலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் செய்ய வேண்டியவை

வேலைக்குத் திரும்ப முடியுமா என்பது முதல் சில மாதங்களில் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்தவருக்கு, "வசதியா இருக்கட்டும்" என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். மூட்டு மடங்கியே இறுகிவிடும். பிறகு செயற்கைக் கால் பொருந்தாது. மிச்சக் காலைத் தினமும் இலேசான சவர்க்காரத்தால் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து, இரவில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்போ புண்ணோ இருந்தால் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். உறையைத் தினமும் மாற்றுங்கள். இனிப்பு நீர்க்காரர்கள் மற்றக் காலை மிகவும் காப்பாற்ற வேண்டும். வீட்டு வாசலில்கூடச் செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

சிலர், "இல்லாத கால் வலிக்குது" என்பார்கள். பைத்தியம், பேய், பில்லி சூனியம் என்று பயப்படாதீர்கள். வெட்டப்பட்ட நரம்பு மூளைக்கு அனுப்பும் வலி அது. உண்மையான வலி. அதற்கு மருந்து உண்டு.

மனத்தையும் பாருங்கள். பேசாமல் இருப்பது, தூங்காமல் இருப்பது, குடி அதிகமாவது இவையெல்லாம் அடையாளங்கள். அவரைச் சும்மா உட்கார வைத்து, "நீ ரெஸ்ட் எடு" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். கோழிக்குத் தீனி போடட்டும், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கட்டும். தன்னால் ஆகும் என்ற எண்ணம் வீட்டில்தான் முதலில் திரும்ப வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. வேலையில் அடிபட்டால் சின்னக் காயமானாலும் அன்றே ஆஸ்பத்திரியில் பதியுங்கள். விபத்தை அறிந்த 48 மணி நேரத்தில் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தாரா என்று கிராணியிடம் கேளுங்கள்.

2. லீவுச் சீட்டு, டாக்டர் கடிதம், எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. குணமாகும் வரை காத்திராமல், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே 'மீண்டும் வேலைக்கு' திட்டத்தைக் கேளுங்கள். நாள் ஆக ஆக வேலைக்குத் திரும்புவது கடினம்.

4. குறை நிலைத்துவிட்டால் ஓ.கே.யு. அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

5. "ராஜினாமா பண்ணிடு, ஏதோ போட்டுத் தர்றோம்" என்று யாராவது தாளை நீட்டினால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். கைநாட்டும் வைக்காதீர்கள். "சங்கத்துல கேட்டுட்டு வர்றேங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

6. நீக்கிவிட்டால் வீட்டில் அழுதுகொண்டு இருக்காதீர்கள். 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி புகார் செய்ய 60 நாள்தான் தவணை. 61-ஆம் நாள் கதவு மூடிவிடும். உடனே கிளைத் தலைவரைப் பாருங்கள்.

கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகள் எத்தனை இருக்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒருவருக்கு அடிபட்ட பிறகு தேடினால், "இடமில்லை" என்ற பதில்தான் வரும். முன்பே எழுதி வைத்திருந்தால், "ஐயா, எடை ஸ்டோரில் அடுத்த மாதம் ஒருவர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு இவரைப் போடலாம், வரிக் கழிவும் உண்டு" என்று மேனேஜர் முன்னால் நின்று பேசலாம்.

ஒரு தோட்டத்தில் செயற்கைக் காலோடு எடை ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த ஒருவரைப் பற்றி அங்குள்ள மண்டோர் என்னிடம் சொன்னார்: "முன்ன தினம் ஒரு சண்டை டிரசர் ஐயா, எடை குறைஞ்சிடுச்சுன்னு. இப்ப சண்டையே இல்ல. இவரு இருபது வருசம் பால் வெட்டின ஆளு. ஒரு கிலோவுக்கு எவ்வளவு வேர்வைன்னு இவருக்குத் தெரியும்."

இந்தத் தாளைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடாதீர்கள். மடித்துச் சொக்சோ புத்தகத்தோடு வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படக் கூடாது என்பதே என் வேண்டுதல். அடுத்த வீட்டுக்காரருக்குத் தேவைப்பட்டால் எடுத்துப் படித்துக் காட்டுங்கள். அடுத்த இதழில், குலைவெட்டும்போது கண்ணில் முள் குத்தினால் முதலில் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன என்று பார்ப்போம்.